மூடி போட்ட பிரம்புக்கூடை

பேருந்துக்காக நிற்கும்போதெல்லாம் பிரீனா தன் இடது கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிடிப்பாள். நகத்தடி வெளுக்கும். விட்டுவிட்டு, உதடு அசையாமல் எண்ணுவாள். இரண்டு எண்ணி முடிப்பதற்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பிவிடும். ஆனாலும் மறுபடி அழுத்துவாள். பார்ப்பவர்கள், ஏதோ ஜெபம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. துணிக்கடையில் ஆறு வருடம் நின்று கால் வீங்கிப்போய், வடசேரியில் நாய், பூனை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தவள். வாசல் மேசை அவளுடையது. எந்த உயிர் முதலில் உள்ளே போக வேண்டும் என்று அவள்தான் சொல்ல வேண்டும். ஈறை அழுத்திவிட்டு, வெளுத்த நிறம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்ப்பாள், மூச்சை எண்ணுவாள். "கத்துறதுக்குக் கத்தத் தெம்பு இருக்கு பிரீனா. சத்தம் வராததத் தேடு" என்பார் டாக்டர் அபிதா.

போன வருடம் ஒரு மதியம், சந்தையில் காய்க்கடை வைத்திருக்கும் வைகுண்டராஜன் காது கிழிந்த நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சட்டையெல்லாம் ரத்தம்.

"ஏட்டி, பாத்துட்டா நிக்க? எம்பிள்ள செத்துருவான்!"

"கத்துறது நாயா, நீங்களா அண்ணாச்சி? செத்த பொறுங்க."

ஈறை அழுத்தினாள். நிறம் உடனே திரும்பியது. காது கிழிந்தால் ரத்தம் கொட்டத்தான் செய்யும், உயிருக்குப் பயமில்லை. அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அவருக்கு முன்பே வந்து பெஞ்சில் இருந்தவர் கோட்டாறு ஹலீமா பீவி. மடியில் மூடி போட்ட பிரம்புக்கூடை. உள்ளே செம்பன் என்கிற கடுவன் பூனை.

"ரெண்டு நாளா மண்ணத் தோண்டித் தோண்டி உக்காந்து முக்குது மக்களே. வெளிக்குப் போவல."

"வயிறு கட்டியிருக்கும் உம்மா. இந்தா, இப்பப் பாத்திரலாம்."

ஆண் பூனை முக்கினால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மூத்திரம் போனதா? அது அடைத்துக்கொண்டாலும் மலச்சிக்கல் போலத்தான் தெரியும். ஆனால் அது உயிரையே எடுத்துவிடும். அவள் கேட்கவில்லை. கூடையைத் திறக்கவும் இல்லை. கூடைக்குள் சத்தமே இல்லை. வைகுண்டராஜன் மேசையைத் தட்டினார். நாய் உள்ளே போனது.

காதில் ஒன்பது தையல். முக்கால் மணிக்கூர்.

பிறகு டாக்டர் கூடையைத் திறந்தபோது செம்பன் வாயைத் திறந்து மூன்று முறை காற்றை இழுத்தது, அவ்வளவுதான். வயிற்றைத் தொட்ட டாக்டரின் கை அப்படியே நின்றது. "மூத்திரப்பை கல்லு மாதிரி இருக்கு. வந்த ஒடனே உள்ள எடுத்திருந்தா ஒருவேள..."

வெளியே வந்து பிரீனா, "ரொம்ப முத்திப்போச்சு உம்மா" என்றாள். ஹலீமா பீவி ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. பூனையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். கூடையை மறந்துவிட்டார்.

அது பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது. ஆளில்லாத வேளைகளில் பிரம்பில் நகம் உரசுவது பிரீனாவுக்குக் கேட்கும். குனிந்து மூடியைத் திறப்பாள். நாலைந்து செம்மயிர், வேறொன்றுமில்லை. தூக்கிவரப்படும் பூனைகள் பெஞ்சருகே வந்ததும் உடம்பை இறுக்கிக்கொள்ளும், அல்லது அவளுக்கு அப்படித் தோன்றும். கூடையைக் கொடுத்து உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை கோட்டாறு தெருமுனை வரை போனாள். இரண்டு தடவையும் கூடையோடு திரும்பினாள்.

இந்த வருடம் பூனைக்குட்டிக்கு ஊசி போட ஒரு பெண் வந்தாள். ரைஹானத், ஹலீமா பீவியின் மருமகள். பிரீனா கூடையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"உம்மா சுகமா? நான் அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நோம்புக்கு முந்தியே மௌத்தாப் போய்ச் சேந்துட்டாங்களே அக்கா." ரைஹானத் கூடையைத் தடவினாள். "கடைசி வர செம்பன் பேச்சுதான். இங்க கொண்டாறதுக்கு முந்தி, வயிறு எளகட்டும்னு ரெண்டு கரண்டி வெளக்கெண்ண புகட்டியிருக்காங்க. நான்தான் அதக் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்னு சொல்லிக்கிட்டேதான் போனாங்க."