இருநூறு என்றான் ஜாபர்

போன வியாழக்கிழமை காலை ஜாபர் போனில் சொன்ன எண்ணைக் கேட்டதும் ஆபீஸ் பையைக் கீழே வைத்துவிட்டேன். இருநூறு!

ஜாபர் என் பால்ய தோஸ்து. ராயபுரம் கல்மண்டபத்தில் மீன்வலைக் கயிறு கடை வைத்திருக்கிறான். கொஞ்ச வருஷமாக ஆஸ்துமா. டாக்டர் ஒரு பிளாஸ்டிக் குழாயை வாங்க வைத்திருக்கிறார். பெயர் பீக் ஃப்ளோ மீட்டர். தம் கட்டி ஊதினால் முள் ஓடிப்போய் ஓர் எண்ணில் நிற்கும். அவனுக்கு நானூறு என்றால் ஜோர். இருநூறு என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மனைவி தவறியபின் அவன் தனி ஆள். நானோ தாம்பரத்துக்குக் குடிபோய்விட்டேன். அதனால் தினமும் காலையில் எனக்கு போன் பண்ணி எண்ணைச் சொல்லிவிட வேண்டும் - இது என் ஏற்பாடு. நானூறு என்பான். ‘சபாஷ்’ என்று வைத்துவிடுவேன். நான் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிக்க வேண்டாமா?

கொஞ்ச நாளாக எண் இறங்கிக்கொண்டே வந்தது. முந்நூற்றைம்பது... முந்நூறு... மணலி ஆலைப் புகை என்றேன். பனி என்றேன். இன்ஹேலர் போட்டாயா, ராத்திரி தூங்கினாயா என்று துருவித் துருவிக் கேட்டேன். இப்போது இருநூறு!

லீவு சொல்லிவிட்டு ரயிலேறினேன். பீச் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. வழி நெடுக கன்டெய்னர் லாரிகள். நான் வேண்டாத சாமி இல்லை.

போய் இறங்கினால்... ஜாபர் கடை வாசலில் நின்று ஒரு படகுக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறான். அந்தக் குரல் துறைமுகம் வரை கேட்கும்! குழாயை எடுத்து ஊதச் சொன்னேன். முள் நானூற்றைத் தாண்டியது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு நிஜமாகவே இருநூறு வந்தால் நான் எப்படியடா நம்புவேன் என்று கத்திவிட்டேன். அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னான்:

“நல்லா கீதுன்னா போனை வெச்சிடுறே மாமு. கம்மியா சொன்னாத்தான் ரெண்டு வார்த்தை பேசுறே.”

ஒரு காலத்தில் சாயங்காலமானால் அதே கடை வாசலில்தான் கிடப்போம். பாதி நேரம் பேசக்கூட மாட்டோம். அந்தச் சாயங்காலங்களுக்கு நானும்தான் ஏங்குகிறேன். தாம்பரத்தில் யாரிடம் போய்ச் சொல்ல?

அன்று இருட்டும்வரை அங்கேயே இருந்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை நானே போன் செய்தேன். எண்ணைக் கேட்கவில்லை. “இன்னாடா, டீ குடிச்சியா?” என்றேன்.

கொஞ்ச நேரம் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

நல்ல மூச்சுதான்.