மகளுக்காக நான் கட்டிய கல்லூரிக் கட்டணம்

பென்சில்வேனியாவில் ஒரு சிறிய ஊரின் கல்லூரியில் பதினொரு வருடம் சமூகவியல் நடத்தினேன். என் பாடம் ஏற்றத்தாழ்வு. என்னைவிட நன்றாக அதை நடத்த ஆள் கிடையாது என்பேன், உதாரணத்துக்கு நான் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. நான் பகுதிநேர ஆசிரியன். பாடத்துக்கு மூவாயிரம் டாலர், காப்பீடு கிடையாது, உட்கார அறை கிடையாது. சந்தேகம் கேட்டு வரும் மாணவர்களை என் பழைய காரின் முன்சீட்டில் உட்காரவைத்துப் பேசினேன். படிப்புக்கு நான் வாங்கிய கடன் ஐம்பத்தெட்டாயிரம். பன்னிரண்டு வருடம் விடாமல் கட்டிய பிறகும், வட்டி ஏறிப் பாக்கி அறுபத்து மூவாயிரம். இந்த லட்சணத்தில் ஊரில் எல்லாரும் என்னைப் புரொபசர் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் மறுக்கவில்லை.

ஏப்ரலில் என் மகள் டெலனிக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்தது. 'வாழ்த்துகள், உங்களுக்கு வழங்கப்படும் உதவி' என்று ஆரம்பித்த கடிதத்தில், உதவி என்று போட்டிருந்ததில் முக்கால்வாசி கடன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் மடிக்கணினியோடு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கடன் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுடட்டுமாப்பா? மே ஒண்ணுதான் கடைசி."

"ஒரு வாரம் பொறு."

"எல்லாரும்தான் போடுறாங்க. நீயும் போட்டேல்ல?"

"அதனாலதான் பொறுக்கச் சொல்றேன்."

சொல்லிவிட்டேனே தவிர, கையில் ஒரு வழியும் இல்லை. இவளும் நாற்பது வயதில் என்னைப் போலக் கடன் நோட்டீசுக்குப் பயந்து தபால்பெட்டியைத் திறக்காமல் நிற்பாளே என்று நினைத்தேன். அன்றுதான் முதல்முறையாகக் கல்லூரியின் பணியாளர் விதிப்புத்தகத்தைப் படித்தேன். முழுநேர ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. பகுதிநேரமாகப் பாடம் நடத்துகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை, முழுநேரமாகக் கழிப்பறை கழுவுகிறவருக்கு உண்டு. ஏற்றத்தாழ்வில் கரைகண்டவனுக்கு இது பதினொரு வருடமாகக் கண்ணில் படவில்லை. அதே வாரம் துப்புரவுப் பிரிவில் ஓர் இடம் காலி என்று அறிவிப்பும் வந்தது.

அதிகம் படித்தவனை எடுக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் விண்ணப்பத்தில் படிப்புக்கு எதிரே 'கல்லூரிப் படிப்பு கொஞ்சம்' என்று எழுதினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, டை கட்டிக்கொண்டு நேர்காணலுக்குப் போனேன். துப்புரவுப் பிரிவின் தலைவி வெர்னா ப்ரூயிட் என் விண்ணப்பத்தைப் பார்த்தாள், டையைப் பார்த்தாள்.

"உக்காருங்க புரொபசர்."

"என்னைத் தெரியுமா?"

"ஆறு வருஷம் முன்னாடி உங்க சாயங்கால வகுப்புல பின்வரிசை. இந்த காலேஜ்ல யாரு எங்க கார் நிறுத்தலாம்னு ஒரு கட்டுரை எழுதினேன். ஆதாரம் போதாதுன்னு சொல்லி சி மைனஸ்தான் மார்க் போட்டீங்க."

எனக்கு அவள் முகமே நினைவில்லை. "நல்ல கட்டுரையாத்தான் இருந்திருக்கும்," என்றேன்.

"இப்பத்தான் தோணுதாக்கும். 'கல்லூரிப் படிப்பு கொஞ்சம்'னு எழுதியிருக்கீங்களே, எவ்வளவு கொஞ்சம்?"

அதற்கு நேராகப் பதில் சொல்லாமல், உழைப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்பதைப் பற்றி எட்டு நிமிடம் பேசினேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தரையில ஏறின மெழுகை எப்படி எடுப்பீங்க?"

"தெரியாது."

"இன்னிக்கு நீங்க உருப்படியா சொன்ன மொத பதில் இதுதான். எதுக்கு வந்தீங்க, அதைச் சொல்லுங்க."

"என் பொண்ணு. ஆகஸ்ட்ல சேரணும். அவளும் கடன்ல விழுறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

வெர்னா விண்ணப்பத்தை மடித்து வைத்தாள். "என் பசங்க ரெண்டு பேரும் இப்படித்தான் படிச்சாங்க. திங்கக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு வந்துடுங்க. வழுக்காத ஷூவா வாங்கிக்குங்க. அந்த டை வேணாம்."

இரண்டு வேலையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்றது நிர்வாகம். ஆசிரியர் வேலையை விடுவதாக மூன்று பக்கத்துக்கு உருக்கமாக ஒரு கடிதம் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆனால் மதியத்துக்குள் கல்லூரி இணையதளத்திலிருந்து என் படத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்டில் டெலனி கடனுக்கு ஒரு கையெழுத்தும் போடாமல் சேர்ந்தாள். நான் அவள் வகுப்பு நேரங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, அவள் வரும் பக்கமே போகாமல் வேலை பார்த்தேன். பிள்ளைக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாதாம், அவ்வளவு பெரிய தியாகி நான். மூன்றாவது வாரம் அவள் வகுப்பு ஒன்றை இடம் மாற்றிவிட்டார்கள். மாப்பும் வாளியுமாக நான் தாழ்வாரத்தில் நிற்க, எதிரே இரண்டு தோழிகளோடு அவள் வந்தாள். நான் சட்டென்று முதுகைக் காட்டிக்கொண்டு, அழுக்கே இல்லாத சுவரைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"அப்பா, தரை ஈரமா இருக்கு. எந்தப் பக்கமா போறது?"

"ஓரமா போ," என்றேன், திரும்பாமலே.

"உங்க அப்பாவா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமா, இங்கதான் வேலை பாக்குறார். அவராலதான் நான் இங்க படிக்கிறேன். பாத்து வா, வழுக்கும்."

மூவரும் ஓரமாக நடந்து வகுப்புக்குள் போனார்கள். அவள் குரலில் ஒரு தயக்கமும் இல்லை. எங்கள் வீட்டில் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.