வெள்ளைப் பூ வைத்த பூச்செண்டு

எங்கள் வாழைத் தோட்டத்தில் பார்த்தீனியம் தலைகாட்டிய வருஷம், அதற்குப் பெயர் வைக்க வராத ஆள் கிடையாது. திருவானைக்காவலிலிருந்து வந்த நாத்தனார் வீட்டுக்காரர் ஒரு கொத்தைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, "மரிக்கொழுந்துதான், காட்டு ஜாதி" என்று தீர்ப்புச் சொன்னார். கே.கே. நகரில் வீடு கட்டிக்கொண்டு மண்ணைத் தொட்டிச் செடியில் மட்டும் பார்க்கிற என் தம்பி செல்போனில் படம் பிடித்தான். போன் அதைச் சீமைச் சாமந்தி என்றது.

"டீ போட்டுக் குடிக்கலாமாம்க்கா."

"நீ முதல்ல குடிடா, நாங்க பார்த்துட்டு குடிக்கிறோம்" என்றேன்.

கேரட் இலை மாதிரியே இலை. வாரத்துக்கு மூன்று நாள் கேரட் பொரியல் தின்கிற ஜனத்துக்குக் கேரட் இலை எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த செடி என்பதும், பூத்துவிட்டால் ஒரு செடியே தோட்டத்தை வளைத்துவிடும் என்பதும் நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவை.

அதற்குள் என் வீட்டுக்காரருக்குக் கையும் கழுத்தும் சிவந்து தடித்து, நீர் வடிய ஆரம்பித்திருந்தது. கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்று ஆளுக்கொரு வைத்தியம். நாலு கடை களிம்பும் தீர்ந்தபிறகு தோல் டாக்டரிடம் போனோம். டாக்டர் இவர் முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளை வரிசையாக ஒட்டினார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பொருள், ஒன்றில் இந்தச் செடியின் சாறு. இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது மற்ற இடமெல்லாம் சும்மா இருக்க, அந்த ஓரிடம் மட்டும் பணியாரம் போல உப்பியிருந்தது.

"இனிமே இந்தச் செடி உங்க மேல படவே கூடாதுங்க. இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா தோட்டத்தை மறந்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டர். ஒரு நாள் தோட்டத்தை மிதிக்காவிட்டால் சோறு இறங்காத மனிதர் என் வீட்டுக்காரர். 

அவருக்குப் பதிலாக நான் தோட்டத்தில் இறங்கினேன். அவருடைய முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, பூக்கும் முன்னே ஒவ்வொரு செடியாக வேரோடு பிடுங்கினேன். மண்ணுக்குள் விதை மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, தோட்டத்தின் நாலு மூலையிலும் மண் எடுத்துப் பிளாஸ்டிக் பேசினில் கொட்டி, மாடியில் வைத்துத் தண்ணீர் தெளித்தேன். "வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்துறா பாரு" என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். முதல் தடவை பேசின் நிறைய அதுதான் முளைத்தது. அடுத்த பருவத்தில் பாதி. மூன்றாவது தடவை கோரையும் நாலு குப்பைக்கீரையும் மட்டும். கோரையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே விவசாயி நானாகத்தான் இருப்பேன். அவர் மறுபடியும் தோட்டத்துக்குள் கால் வைத்தார்.

இது எப்படியோ வேளாண்மை ஆபீஸ் காதுக்கு எட்டியது. களை ஒழிப்பு முகாம் நடத்துகிறார்களாம், கல்யாண மண்டபத்தில். அதில் முன்மாதிரி விவசாயி என்று அவருக்குப் பொன்னாடை. பிடுங்கியது நான், பொன்னாடை அவருக்கு. அது போகட்டும். அன்று காலையில் அதிகாரி எனக்குப் போன் செய்தார்.

"அம்மா, ஸ்ரீரங்கத்துலேருந்துதானே வர்றீங்க? வர்ற வழியில நாலு பூச்செண்டு வாங்கிட்டு வந்துடுங்களேன்."

புருஷனுக்குக் கொடுக்கிற பூச்செண்டைப் பெண்டாட்டியே வாங்கி வர வேண்டுமாம். அவர் முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தார்; நான் முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போனேன். இரண்டு தினுசு கட்டி வைத்திருந்தார்கள். "அந்தப் பொடி வெள்ளைப் பூ வச்சதையே குடுங்கண்ணே, எடுப்பா இருக்கு" என்று நான்தான் கை காட்டினேன். என்ன பூ என்று கேட்கவில்லை.

முகாமில் அதிகாரி ஒரு மணி நேரம் பேசினார். பின்னால் திரையில் பார்த்தீனியப் பூ தாம்பாளம் அகலத்துக்கு வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குக் கீழே அரைக்கைச் சட்டையில் என் வீட்டுக்காரர், முதலிலேயே கொடுத்துவிட்ட பூச்செண்டை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். மேடையில் கொடுத்ததைக் கீழே வைத்தால் மரியாதைக் குறைவாம். நான் திரையைப் பார்த்தேன், அவர் கையைப் பார்த்தேன், மறுபடி திரையைப் பார்த்தேன். அதே பூ. ஓர் இலைகூட இல்லாமல் உருவிக் கட்டியிருந்தார்கள். அவர் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

நான் மேடைக்கு ஓடினேன். "அம்மாவும் ஒரு போட்டோ எடுத்துக்கட்டும்" என்றார் அதிகாரி. ஊருக்குத்தான் உபதேசம், கையெட்டும் தூரத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. பூச்செண்டைப் பிடுங்கிக்கொண்டு அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போனேன்.

"எந்த முட்டாள் இதை வாங்கினான்?" என்றார், கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே.

"ஆபீஸ்காரங்கதான். வேற யாரு?"

சொல்லிவிட்டேன். வீடு வந்து சேரும்வரை அவரைவிட அதிகமாக அவர்களைத் திட்டியதும் நான்தான். மறுநாள் காலையில் கை இரண்டும் வீங்கி, கழுத்து வெடித்திருந்தது. டாக்டர் முன்பு சொன்னதையே சொன்னார்.

இப்போது அவர் ரோட்டோடு நின்றுகொள்கிறார். வண்டியை விட்டு இறங்கினாலும் வரப்பில் கால் வைப்பதில்லை. உள்ளே நான் மட்டும் போகிறேன். அங்கிருந்தே சத்தம் போட்டுக் கேட்பார்.

"அந்த மூலையில வெள்ளையா என்னமோ தெரியுதே, என்னது அது?"

"தும்பைங்க."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்துட்டேங்க."

"சரி, சரி. உன் கண்ணுக்குத் தப்பி எது வந்துடப் போகுது" என்று நிம்மதியாக வண்டியில் சாய்ந்துகொள்கிறார். நான் தும்பையையும் சேர்த்துப் பிடுங்குகிறேன்.