வைக்கிங் உடுப்பின் முதுகு

பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்கு எங்கள் பச்சை இல்லத்தை வைக்கிங் கப்பலாக அலங்கரித்திருந்தோம். குளிர்நாட்டுக் கடல்வீரர் உடுப்பல்லவா? சாக்கிலும் கம்பளிப் போர்வையிலும் இல்லத்து ஆசிரியையான நானே தைத்து அணிந்தேன். விசுவமடு வெயிலில் அணிநடைக்குக் காத்து நிற்க மூச்சு முட்டியது. கழற்றினால் புள்ளி போய்விடும். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

அப்போது சிவப்பு இல்லத்து ஆசிரியை கத்தரிக்கோலோடு என்னிடம் வந்தார். நான் ஓரடி பின்வாங்கினேன்.

“என்ன, கெடுக்கவோ வாறியள்?”

“திரும்புங்கோ ரீச்சர். முன்பக்கம் வடிவாத் தெரிஞ்சாப் போதும்.”

முதுகுப்புறத்தை நீளமாக வெட்டிவிட்டார். உள்ளே போட்டிருந்த ரீசேட்டில் காற்றுப் பட, உயிர் வந்தது.

அணிநடை தொடங்கி, பாதி மைதானம் கடந்ததும் திரும்பிப் பார்த்தேன். வெட்டு நடுவர்களுக்குத் தெரியாமல், சிவப்புச் சேலையோடு, எங்கள் பச்சை அணிக்குள் என் முதுகை ஒட்டியே அவர் நடந்துகொண்டிருந்தார்.

பின்னால் கேட்கும் காலடிகளுக்கு இப்போது நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை.