மேனுகாவின் காருக்கு ஒரு பின் அக்சில்

ஒட்டுசுட்டான் சந்தியில் ஓட்டோக்காரர்கள் நிற்பார்கள். காரோடு நிற்பது மேனுகா ஒருத்திதான். முன்பு ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் நின்றபடி வேலை செய்தவள். கால் வீங்கி, இனி நிற்க ஏலாது என்று வந்தபோது, "இருந்து செய்யிற வேலை ஏதும் பார்" என்று கணவன் கனகலிங்கம் சொன்னான். அவன் மனதில் இருந்தது தையல் மெஷின். அவள் போய் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கார் அவளுடைய தம்பி சாருஜனுடையது. எழுபதுகளில் வந்த ஜப்பான் கார், உடம்பு சின்னது. சாருஜன் அதன் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, விபத்தில் நசுங்கிய ஒரு பெரிய ஜீப்பின் எஞ்சினை அதற்குள் இறக்கினான். நெடுங்கேணி றோட்டுக்கு வழுவழுவென்று தார்க் காப்பெற் போட்ட புதிசில் அந்தக் காரை மோட்டார் சைக்கிள்காரராலும் பிடிக்க ஏலாமல் இருந்தது. பிறகு அவனுக்குக் கட்டார் நாட்டில் வேலை கிடைத்தது. போகிற அன்று கார்த் திறப்பை அக்காவின் கையில் வைத்தான்.

"வித்தாலும் சரி, ஓடினாலும் சரி. ஆனா கிளச்சை மெல்ல விடுங்கோ அக்கா. இதுக்கு முன்னுக்குத்தான் பலம், பின்னுக்கு இல்லை."

மேனுகா விற்கவில்லை. ஓடினாள். கலியாண வீடு, பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு, கொழும்பு பஸ்சைப் பிடிக்கப் போகிறவர்கள் என்று ஆட்கள் வந்தார்கள். ஆனால் அவளுடைய நிரந்தரப் பயணி பொன்னையா. மலைநாட்டிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தோடு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்து மனிதர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். திரும்பி வரும்போது மனிதர் துவைத்துப் பிழிந்த சீலை மாதிரி இருப்பார். அதனால் மனைவி அழகம்மா காரை ஒழுங்குசெய்தார்.

அன்றைக்கும் அப்படித்தான் வவுனியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்னேரம். நெடுங்கேணி தாண்டிக் காட்டுப் பகுதி. வளைவு முடிகிற இடத்தில் றோட்டின் நடுவே ஒரு கொம்பன் யானை நின்றது. மேனுகா பிறேக்கை மிதித்து நிறுத்தினாள். யானை காதை விரித்துக்கொண்டு இரண்டடி முன்னுக்கு வந்தது. பின்சீற்றில் அழகம்மா "முருகா" என்றார். மேனுகா ரிவேர்சைப் போட்டு, தம்பி சொன்னதை மறந்து, கிளச்சைச் சட்டென்று விட்டாள்.

காருக்கு அடியில் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். எஞ்சின் அலறியது, கார் அசையவில்லை.

யானைக்கும் அந்தச் சத்தம் பிடிக்கவில்லைப் போல. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு திரும்பி, அவசரமே இல்லாமல், முதிரை மரங்களுக்குள் இறங்கிப் போய்விட்டது. மேனுகா ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். பின்னாலிருந்து பொன்னையா மெல்லிய குரலில் சொன்னார்: "அழாதம்மா. யானையே மன்னிச்சு விட்டிட்டுது."

வயலிலிருந்து வந்த உழவு இயந்திரம் ஒன்று கயிறு கட்டி ஒட்டுசுட்டான் வரை இழுத்து வந்தது. அதன் இழுவைப் பெட்டியில் இருந்த பெண்கள் பொன்னையாவைத் தங்களோடு ஏற்றி, உரச் சாக்குகளை மடித்துத் தலைக்கு வைத்துப் படுக்க விட்டார்கள். மேனுகாவுக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. பெயர் கேட்கவும் அந்த நேரம் தோன்றவில்லை.

அடுத்த நாள் மெக்கானிக் பரமலிங்கம் பின்சில்லைக் கழற்றி, அக்சிலுக்குள் இருந்த, சில்லைச் சுழற்றுகிற இரும்புத் தண்டை வெளியே இழுத்தார். முறிந்த இடத்தில் அது கரும்பை முறுக்கி ஒடித்தது போல இருந்தது.

"தங்கச்சி, இது ரெண்டாந்தரம். முதல் தரம் சாருஜன் ஓடேக்க முறிஞ்சது. அதே மாதிரித் தண்டு போட்டுத்தான் விட்டனான். திரும்பவும் அதையே போடலாம். ஆனா திரும்பவும் முறியும். முழு அக்சிலையும் மாத்துறதுதான் சரி."

"எந்த அக்சிலுக்கு மாத்துறது அண்ணை? கையில பெரிசா ஒண்டுமில்லை."

அதற்கு வீட்டில் ஆளுக்கொரு யோசனை இருந்தது. கனகலிங்கத்தின் மச்சான் ஒருவர் உடையார்கட்டு என்ற ஊரில் ஒரு சின்ன லொறியை உடைத்துப் போட்டிருந்தார். அதன் பின் அக்சில் சும்மா கிடந்தது. "வந்து தூக்கிக்கொண்டு போங்கோ எண்டு சொல்லுறார்" என்றான் கனகலிங்கம். "மூண்டு தொன் நெல்லுச் சுமந்த சாமான். உன்ர கார் உக்கிப் போனாலும் அது முறியாது."

சாருஜன் கட்டாரிலிருந்து வேறு கதை சொன்னான். ரேஸ் கார்களுக்கென்று செய்த அக்சில் இருக்கிறதாம், படம் அனுப்பினான், கொஞ்சம் பொறுத்தால் தானே வாங்கி அனுப்புகிறானாம்.

"தம்பி, நான் ரேசுக்குப் போகேல்லை. ஆஸ்பத்திரிக்குப் போறன். பொன்னையா ஐயாவால பொறுக்க ஏலாது" என்றாள் மேனுகா.

சும்மா கிடைக்கிற லொறி அக்சிலைக் கைவிடவும் அவளுக்கு மனமில்லை. ஆனால் பரமலிங்கம் லொறி அக்சிலைப் பற்றி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "முறியாது, அது உண்மை. ஆனா வாங்கோ, வவுனியாவில நளீர் நானாவின்ர யார்ட்டில நாலு சாமானையும் பாத்திட்டு முடிவெடுப்பம்" என்றார். இருவரும் பஸ் ஏறினார்கள்.

நளீர் பழைய வாகனங்களை வாங்கி உடைத்து விற்கிறவர். தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவிலிருந்து புத்தளத்துக்குப் போய், சண்டை முடிந்தபின் வன்னிக்குத் திரும்பி, வவுனியாவில் தொழிலைத் தொடங்கியவர். யார்ட்டுக்குள் கால் வைக்க இடமில்லாமல் கதவுகளும் ரேடியேட்டர்களும் கிடந்தன. மேனுகா விசயத்தைச் சொன்னாள். லொறி அக்சிலைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னாள்.

நளீர் தன் பழைய வானைக் காட்டினார். "இதுக்கு நான் லொறி அக்சில்தான் போட்டிருக்கிறன், இரும்பு ஏத்திறதால. பின்னுக்கு ஏறி இருங்கோ தங்கச்சி."

அவள் ஏறினாள். நளீர் யார்ட்டைச் சுற்றியிருந்த கிரவல் பாதையில் ஒரு சுற்று ஓட்டினார். மெதுவாகத்தான் போனார். ஆனால் ஒவ்வொரு குழியிலும் பாரமான அக்சில் எழும்பி விழ, அந்த அடி அப்படியே சீற்றுக்கு ஏறி அவளுடைய முதுகில் இறங்கியது. எஞ்சினும் வேகத்துக்கு மிஞ்சிக் கத்தியது. லொறியின் பற்சக்கரம் பாரம் இழுக்கச் செய்தது, ஓடச் செய்ததல்ல. ஒரு சுற்று முடியுமுன் மேனுகா முன்சீற்றைத் தட்டினாள்.

"நிப்பாட்டுங்கோ நானா. போதும், காணும்."

இவ்வளவு நாளும் அவள் தன் காரின் பின்சீற்றில் இருந்து பயணம் செய்ததில்லை. கையில் ஊசி குத்திய இடத்தைப் பொத்திக்கொண்டு பொன்னையா இருக்கிற இடம் அது. "முறியாம இருக்கிறது மட்டும் காணாது" என்று அவள் பரமலிங்கத்திடம் சொன்னாள். "அவர் நித்திரை கொள்ளவும் வேணும்."

அப்போதுதான் பரமலிங்கத்தின் முகம் தெளிந்தது. "அப்ப வானுக்கெண்டே செய்த அக்சில் பாப்பம்" என்றார். காரின் அக்சிலைவிடத் தடித்த தண்டு. லொறியுடையதில் பாதிப் பாரம். அகலம் மட்டும் கொஞ்சம் கூட. வில்லுத்தகடு பொருந்துகிற இடத்தை வெட்டி, வெல்டிங்கில் ஒட்ட வேண்டும், எஞ்சினிலிருந்து வருகிற நீளத் தண்டைக் குறுக்க வேண்டும். செய்யக்கூடிய வேலைதான்.

நளீரிடம் அப்படி ஒன்று இருந்தது. நடுவில் இருக்கும் பற்சக்கரப் பெட்டியின் மூடியைத் திறந்தார். எண்ணெயை விரலில் தொட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். மேனுகாவும் குனிந்து பார்த்தாள். விரலில் வெள்ளி மாதிரி ஏதோ மினுங்கியது.

"வடிவாத்தானே இருக்கு?" என்றாள்.

"அது வடிவில்லை தங்கச்சி. பல்லுத் தேஞ்ச தூள்." நளீர் விரலைத் துணியில் துடைத்தார். "நெல்லு மூட்டை ஏத்திச் சந்தைக்கு ஓடுற ஆள் ஆரும் கேட்டாக்கூட யோசிச்சுத்தான் குடுப்பன். ஆஸ்பத்திரிக்குப் போற காருக்கு இதைத் தரமாட்டன். செட்டிகுளத்தில என்ர கூட்டாளியிட்ட ஒண்டு இருக்கு. அடுத்த கிழமை எடுத்துத் தாறன்."

"அடுத்த கிழமை வரைக்கும் ஐயா எப்பிடி ஆஸ்பத்திரிக்கு வருவார்?" மேனுகா தனக்குத்தானே சொன்னது போலத்தான் சொன்னாள்.

"எந்த நாளில வாறவர்?"

சொன்னாள்.

"நான் முல்லைத்தீவுப் பக்கம் இரும்பு எடுக்கப் போறனான்தானே. நான் போற நாளை மாத்துறன். ஒட்டுசுட்டானில அவரை ஏத்திக்கொண்டு வாறன், பிறகு கொண்டுபோய் விடுறன். இந்த வானில இல்லை, பயப்படாதேங்கோ. மகன்ர காரை வாங்கிக்கொண்டு வருவன்."

"பெரிய உபகாரம் நானா" என்றாள் மேனுகா. அதைச் சொன்ன பிறகு, அது போதாது போலவும் இருந்தது.

சொன்னபடியே நளீர் வந்தார். திரும்பி வருகிற வழியில் பொன்னையாவையும் அழகம்மாவையும் தன் வீட்டில் இறக்கி, களை ஆற விட்டுத்தான் கூட்டி வந்தார். அவருடைய மனைவி பரீனா கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாராம். சிறுநீரக வருத்தக்காரர் அதைத் தொடக்கூடாது. பொன்னையா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அழகம்மா, எனக்கும் சேர்த்து நீயே சாப்பிடு" என்றாராம். அடுத்த தரம் பரீனா கேட்டு அறிந்து, அவர் சாப்பிடக்கூடியதைச் செய்து வைத்திருந்தார். இதை அழகம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

செட்டிகுளத்து அக்சில் வந்தது. எண்ணெய் தேன் மாதிரிச் சுத்தமாக இருந்தது. நளீர் முறிந்து போன பழைய அக்சிலை எடுத்து விலையில் கழித்துக்கொண்டு, மிச்சத்தை நெல்லு வெட்டின பிறகு தரலாம் என்றார். நீளத் தண்டைக் கிளிநொச்சியில் லேத்தில் கொடுத்துக் குறுக்கினார்கள். பரமலிங்கம் தகடுகளை ஒட்டினார். கனகலிங்கம் வயல் வேலையை விட்டுவிட்டு வந்து, அக்சிலின் மறுபக்கத்தைத் தோளில் தாங்கிப் பிடித்தான். லொறி அக்சிலை வேண்டாம் என்றதில் அவனுக்குக் கொஞ்சம் மனவருத்தம் இருந்தது. அதையும் வேலையோடு வேலையாகச் சொல்லித் தீர்த்தான்.

"மச்சானுக்கு என்ன சொல்லுறது?"

"கோழி அடைக்கிற கூட்டுக்குத் தூணா வைக்கச் சொல்லுங்கோ" என்றாள் மேனுகா. அவன் சிரித்துவிட்டான்.

முதல் ஓட்டத்தில் ஆட்களை ஏற்றியபோது வலப்பக்கச் சில்லு, அதற்கு மேலே மூடியிருக்கும் மட்காட்டின் தகட்டில் உரசியது. பரமலிங்கம் சுத்தியலால் மட்காட்டின் விளிம்பை உள்ளுக்கு மடித்துவிட்டார். அவ்வளவுதான் பிழை.

அதற்குப் பிறகு மேனுகா தனியே, ஒருவரும் இல்லாத நேரான றோட்டில், காரை நிறுத்தினாள். சாருஜனை அழைத்துக் கைபேசியைப் பக்கத்துச் சீற்றில் வைத்தாள். "கேள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளச்சைச் சட்டென்று விட்டாள். கார் பாய்ந்தது. எதுவும் முறியவில்லை. கட்டாரிலிருந்து தம்பி கத்திச் சிரிப்பது கேட்டது. அவளும் சிரித்தாள், ஏன் கண் நிறைந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

அந்தக் கிழமை வவுனியாவிலிருந்து திரும்பும்போது புளியங்குளம் தாண்டிக் கொஞ்சத் தூரத்திலேயே பின்சீற்றில் பேச்சு நின்றுவிட்டது. மேனுகா கண்ணாடியில் பார்த்தாள். பொன்னையா அழகம்மாவின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி நித்திரை. ஒட்டுசுட்டான் வந்தும் எழும்பவில்லை. வீட்டு வாசலில் கார் நின்றபோதும் அழகம்மா இறங்கவில்லை. "கொஞ்சம் இருப்பமே மேனுகா. இப்பிடி நித்திரை கொண்டு எவ்வளவு நாள்" என்றார். மூவரும் அப்படியே இருந்தார்கள்.

அறுவடை முடிந்ததும் மேனுகா கொடுக்கவேண்டிய மிச்சக் காசோடு ஒரு மூட்டை புது அரிசியும் ஏற்றிக்கொண்டு நளீர் வீட்டுக்குப் போனாள். கனகலிங்கமும் போனான், பொன்னையாவும் அழகம்மாவும் வருவோம் என்று அடம்பிடித்து வந்தார்கள். அன்று பொன்னையாவை ஏற்றி வந்த உழவு இயந்திரப் பெண்களையும் முன்பே தேடிப் பார்த்திருந்தாள், கிடைக்கவில்லை. அது அவளுக்குக் குறையாகவே இருந்தது. "ஆரெண்டு தெரிஞ்சா நன்றியெண்டு ஒரு சொல்லுச் சொல்லலாம்" என்று பரீனாவிடம் சொன்னாள்.

"தெரியாத ஆக்களுக்காகத் துஆ கேட்டு வேண்டத்தான் ஏலும் மகள். நீங்க உங்கட சாமியிட்டக் கேளுங்கோ" என்றார் பரீனா, எல்லாருக்கும் கதிரை இழுத்துப் போட்டபடி.

மேனுகா கண்ணை மூடி, அந்தப் பெண்களுக்காகக் கேட்டாள்.