குழாய்க்குள் வைத்த சோறு

குழாய் வேலைக்கு முதல் கருவி ரெஞ்ச் இல்லை, காது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் குழாய் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கேட்டால் மண்ணுக்கு அடியில் நடப்பது தெரியும். கசிவு சீறும். அடைப்பு முனகும். எங்கேயோ மோட்டார் ஓடினால் வண்டு சுற்றுவது போல ரீங்காரம் வரும். இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை, எனக்குக் கோபம் சீக்கிரம் வந்துவிடும்.

இத்தனை வருஷத்தில் அந்தக் காதுக்குப் பிடிபடாத சத்தம் ஒன்றே ஒன்றுதான். திருக்கடையூருக்குக் கிழக்கே ஒரு கடைமடைக் கிராமத்தில் அதைக் கேட்டேன். ஆட்சி மாறி மாறி வந்துகொண்டிருந்த காலம். அந்த ஊர் மேல்நிலைத் தொட்டியை ஒரு கட்சி கட்டியது, அடுத்த கட்சி திறந்தது. அதனால் தொட்டியில் கல்வெட்டு இரண்டு, குழாயில் தண்ணீர் பாதி. பழுது வேலைக்கெல்லாம் பஞ்சாயத்துத் தலைவர் என்னைத்தான் கூப்பிடுவார்.

"காலனித் தெரு கடைசிக் குழா அழுவுதாம்யா. போயி என்னான்னு பாரு. வாசர்னா மாத்திப்புடு, பேயின்னா பேசாம வந்துடு" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. தெருவில் ஈ காக்கை இல்லை. முன்னால் இருந்த குழாய்களின் வாயைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கடைசிக் குழாய் மட்டும் முழுக்கத் திறந்து கிடந்தது. அதன் கீழே ஒரு பெண் மடியில் மகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு நாலைந்து வயது இருக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்து கண் உள்ளே போயிருந்தது.

நான் பையை இறக்கி வைப்பதற்குள் குழாய் ஆரம்பித்துவிட்டது. முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு நீளமாக, அடித்தொண்டையில், காய்ச்சலில் கிடக்கும் ஆள் புரண்டு படுக்க முடியாமல் அனத்துகிறானே, அப்படி ஒரு சத்தம். குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் தள்ளவில்லை, கையை உள்ளே இழுத்தது. வெயிலில் நின்றுகொண்டிருந்த எனக்கு முதுகில் குளிர் ஏறியது.

"கைய எடுங்கண்ணே. அவரு பேசுறப்ப வாயப் பொத்தாதீங்க" என்றாள் அவள்.

எதிர் வீட்டுக்காரர் என்னைத் தனியே கூட்டிப்போய் விவரம் சொன்னார். கூலி நெல் உயர்த்திக் கேட்டு ஆட்கள் அறுப்புக்குப் போகாமல் நின்ற வருஷத்தில் பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியிருக்கிறது. அதைத் தடுக்க வாய்க்கால் கரைக்குப் போனவர்களில் அவள் புருஷனும் ஒருவன். மற்றவர்கள் திரும்பினார்கள். அவனுடைய துண்டு மட்டும் கரையில் கிடந்தது. போலீஸ் வந்து, எங்காவது ஓடிப்போயிருப்பான் என்று எழுதிக்கொண்டு போனதாம். உடம்பு கிடைக்கவில்லை. அதனால் கருமாதி செய்யவில்லை, அவளும் தாலியைக் கழற்றவில்லை. இப்போது தினமும் உச்சியில் அவன் குழாய் வழியாகக் கூப்பிடுகிறான் என்கிறாள்.

"நாங்கள்லாம் அந்தத் தண்ணிய விட்டுட்டோம், கை பம்புக்கு நடக்குறோம். இது விடமாட்டேங்குது. அவரு தொட்ட தண்ணியாம். புள்ளைக்கும் அதத்தான் குடுக்குது. ஆசுபத்திரியில குளுக்கோஸ் ஏத்தி அனுப்புனாங்க, வந்து மறுபடி அதையே குடிச்சா புள்ள தாங்குமா? குழாய அடைக்கலாம்னு போனா அருவாளத் தூக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மீதா, ஊர்மீதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

குழாய் கையை இழுக்கிறது என்றால் எங்கேயோ ஒருவன் உறிஞ்சுகிறான் என்று அர்த்தம். ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி ஊன்றிக் கேட்டுக்கொண்டே மேலே போனேன். ரீங்காரம் பெரிதாகிக்கொண்டே போய்ப் பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவரில் நின்றது. பொதுக் குழாயில் நேராக மோட்டார் மாட்டியிருக்கிறார்கள். காலையில் தண்ணீர் விட்டு நிறுத்தியதும், உச்சியில் அதைப் போட்டுக் குழாயில் மிச்சம் இருப்பதையெல்லாம் இழுக்கிறார்கள். காலனிக்குப் போகும் கிளைக்குழாய் வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் விரிசல். பண்ணைப் பக்கம் உறிஞ்ச உறிஞ்ச வாய்க்கால் சேறு விரிசல் வழியாக உள்ளே போகிறது, மறுநாள் காலையில் அதுதான் குடிதண்ணீராக வருகிறது.

தலைவரிடம் சொன்னேன். அவர் பண்ணை வீட்டுக்கு உறவுக்காரர். "மோட்டார் பேச்ச எடுக்காத. அந்த எடத்துல என்ன வால்வு வேணுமோ வாங்கிப் போட்டு விடு" என்றார். பித்தளையில் ஒரு வழி வால்வு வாங்கினேன். போகிற தண்ணீரை விடும், திரும்ப இழுத்தால் மூடிக்கொள்ளும். மாட்டும் முன் வாயால் ஊதிப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் காற்றுப் போனால் கடைக்காரன் தலையிலேயே கட்டிவிட வேண்டும்.

மறுநாள் வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீர் இல்லை. சேறுதான். விரிசல் இருந்த இடத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். தெருவே வந்து கரையில் நின்றது. அவளும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள், அரிவாள் இல்லாமல். நான் தோண்டத் தோண்ட எல்லாரும் குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் குழாயைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. மண்வெட்டி தூக்கிப்போட்ட ஒவ்வொரு கட்டி மண்ணையும் பார்த்தார்கள். அவன் துண்டு கிடந்த கரை அது. அதற்குப் பிறகு மண்வெட்டியை ஓங்கிப் போட எனக்குக் கை வரவில்லை. கையாலேயே சேற்றை வழித்து எடுத்தேன். நத்தை ஓடும் நண்டும் தவிர ஒன்றும் வரவில்லை.

விரிசலை அறுத்து எடுத்ததும் தொட்டிப் பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. ஓட்டைத் தொட்டி, அதன் வால்வு முழுக்க மூடாது. பிளாஸ்டிக் குழாய்க்குப் பசை ஒட்ட வேண்டுமென்றால் உள்ளேயும் வெளியேயும் காய்ந்திருக்க வேண்டும், ஒரு துளி பட்டாலும் பிடிக்காது. இதற்கு ஒரு கைவேலை உண்டு. டீக்கடை பன்னைப் பிய்த்து உருட்டிக் குழாய்க்குள் தள்ளிவிட்டால் கொஞ்ச நேரம் சொட்டை நிறுத்தும். பசை காய்ந்து தண்ணீர் விட்டதும் கரைந்து வெளியே வந்துவிடும். அன்றைக்குக் கடையில் பன் இல்லை.

"யார் வீட்டுலயாவது ஒரு கை சோறு கொண்டாங்க. உருட்டிக் குழாய்க்குள்ள வைக்கணும்" என்றேன்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பிள்ளையை எதிர் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு விறுவிறு என்று போனாள். ஒரு கை சோற்றுக்கு இத்தனை நேரமா என்று நான் குழிக்குள் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குளித்து, ஈரப் புடவையோடு, வாழை இலையில் புதிதாக வடித்த சோறு கொண்டுவந்திருந்தாள். ஆவி பறந்தது. சோற்றில் கறுப்பு எள் கலந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் என்ன கேட்டிருக்கிறேன், அவள் என்ன கொண்டுவந்திருக்கிறாள் என்று.

"பொம்பள வைக்கக் கூடாதும்பாங்க. ஆம்பளப் புள்ள இல்லண்ணே. நானே வைக்கலாமா?"

இது சொட்டை நிறுத்தத்தான் அம்மா என்று சொல்லியிருக்கலாம். குழிக்குள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றேன். "ரொம்ப இறுக்கி உருட்டாதம்மா, தண்ணி வந்தா கரையணும். ரொம்ப லேசாவும் வேணாம், இப்பவே ஒழுகிடும்" என்றேன். எனக்குத் தெரிந்த மந்திரம் அதுதான். அவள் தெற்கே பார்த்து மண்டியிட்டு, உருட்டி, உள்ளே வைத்து, விரலால் மெதுவாகத் தள்ளினாள். சொட்டு நின்றது. கரையில் இருந்த ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள். வரப்பில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து கத்தியது. இலையில் மிச்சம் இருந்ததை அதற்கு வைத்தாள்.

வால்வு மேல் இருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து, பிளாஸ்டிக் இணைப்புகளோடு அதை வைத்துப் பசை போட்டேன். பசை காயும்வரை பக்கத்தில் பீடி பற்ற வைக்கக் கூடாது, ஆவி குபீரென்று பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு யாருக்கும் பீடி நினைப்பே வரவில்லை.

காய்ந்த பிறகு கடைசிக் குழாயின் தலையை முழுக்கக் கழற்றிவிட்டேன், சோறு அடைத்துக்கொள்ளாமல் வர வேண்டும். தொட்டியைத் திறக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். குழாய்க்குள் காற்று நின்றால் தண்ணீர் வரும் முன் அது வெளியேறும். பீப்பீ என்று துப்பும், நாலு தரம் இருமும், அவ்வளவுதான். இது என் தொழில், எனக்குத் தெரியும். ஆனால் அன்று வந்தது இருமல் இல்லை. ஒரே மூச்சு. நீளமாக, அவசரமில்லாமல், பாரம் இறக்கி வைத்த ஆள் விடுவது போல வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு காற்று அந்தக் குழாய்க்குள் இருக்க இடமே கிடையாது. தெரு முழுக்கக் கேட்டது. யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு வெள்ளையாகக் கொஞ்சம் தண்ணீர் வந்தது. அதில் பருக்கையும் எள்ளும் வந்தன. அப்புறம் தெளிந்தது.

அவள் குனிந்து, குழாய் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிற புருஷனைப் பார்த்துப் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வார்கள். வெறுமனே போகச் சொல்ல மாட்டார்கள், அது ஆகாது.

"போங்க" என்றாள்.

நிமிர்ந்து, எதிர் வீட்டுக்காரரிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். முதல் குடத்தைப் பிடித்துத் தெருவில் கொட்டினாள். இரண்டாவது குடத்தையும் கொட்டினாள். மூன்றாவதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொதிக்க வைத்தாள்.