வயிற்றுவலிக்காக ஜெபித்த சபை

அன்பான சகோதர சகோதரிகளே, ஆண்டவர் என் மகள் கிரேசியை எனக்குத் திரும்பக் கொடுத்தார். அவளே சொல்லச் சொன்னதால் எழுந்து நிற்கிறேன்.

மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்காத வருஷம் அது. பூதலூர் பக்கம் எங்கள் குத்தகை நிலம் தரிசாய்க் கிடந்தது. கிரேசி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சாப்பாடு குறைந்தது. தூக்கம் போயிற்று. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரையே பார்ப்பாள். விடாமல் கேட்டபிறகு ஒருநாள் சொன்னாள். நிலக்காரர் வீட்டுப் பையனோடு பழகியிருக்கிறாள். காதல் என்று நம்பி எல்லை தாண்டிவிட்டாள். அதன்பிறகு அவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"நான் இருந்து என்னம்மா பண்ணப்போறேன்?" என்றாள்.

வெளியே தெரிந்தால் மானமும் போகும், குத்தகையும் போகும். டாக்டரிடம் போனால் பைத்தியம் என்று பட்டம் கட்டுவார்கள். ஜெபத்தை விட்டால் எனக்கு வேறு கதியில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் விண்ணப்பத்தை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டுமே. எழுந்து, "மகளுக்குத் தீராத வயித்துவலி, ஜெபிச்சுக்குங்க" என்றேன். சபையே அவள் வயிற்றுக்காக உருகி ஜெபித்தது. ஒருவர் ஓமத்திரவம் கொடுத்தார். இன்னொருவர் சுக்குக் கஷாயம் கொண்டுவந்தார். உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அழுகைதான் வந்தது. "ஆண்டவரே, உண்மை உமக்குத் தெரியும், யாரையாவது அனுப்பும்" என்று தனியாகக் கெஞ்சினேன்.

அடுத்த வெள்ளி, ஜெபம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ராஜாமணி அக்கா பக்கத்தில் வந்தார். அதிகம் பேசாதவர். மகளைப் பறிகொடுத்தவர்.

"எஸ்தரு, நானும் என் மவளுக்கு வயித்துவலின்னுதான் சொன்னேன்."

செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நாளைக்குத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். மனசுக்குப் பாக்குற டாக்டர் இருக்காங்க. ஒனக்கு வெக்கமா இருந்தா நான் பேசிக்கிறேன்."

போனோம். அந்த டாக்டரம்மா கிரேசியை ஒரு வார்த்தை திட்டவில்லை. மாத்திரை கொடுத்தார், வரச்சொல்லி வரச்சொல்லிப் பேசினார். ஒரே நாளில் அற்புதம் நடக்கவில்லை. முதலில் தூக்கம் வந்தது. மாதங்கள் கழித்து ஒருநாள், "மீன் கொழம்பு வைக்கிறியாம்மா?" என்று கேட்டாள். அடுப்படியிலேயே முழங்கால் போட்டு அழுதேன்.

இன்று அவள் டீச்சர் டிரெய்னிங் படிக்கிறாள். விஷயம் கசிந்து, நிலக்காரர் வீட்டில் நிலத்தை விடச் சொன்னார்கள். வழக்கு நடக்கிறது. நிலம் போனாலும் போகட்டும், பிள்ளை இருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வயிற்றுவலி இருந்தால், ஆண்டவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அவர் கைவிடமாட்டார். சபையில் எழுந்து சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை. ஜெபம் முடிந்ததும் ராஜாமணி அக்காவும் நானும் செருப்பு விடுகிற இடத்தில்தான் நிற்போம்.